எடை ஏறினாலும் இறங்கினாலும் இன்சுலின் ஏன் மாறுகிறது? டைப் 1 சர்க்கரை நோய் பற்றி ஓர் எளிய விளக்கம்

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள ஒருவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பேனா ஊசியை எடுத்தால் போதும், பக்கத்து இலையிலிருந்து ஒரு பெரியப்பா ஆரம்பித்துவிடுவார். “கொஞ்சம் எடையைக் குறைச்சா இந்த ஊசியே தேவையில்லப்பா. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பத்து கிலோ குறைச்சு மாத்திரையையே நிறுத்திட்டார்.” அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஆபீஸ் நண்பருக்கு இருந்தது வேறு நோய், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. “டைப் 1-க்கும் எடைக்கும் சம்பந்தமே கிடையாது” என்பார்கள். இது பாதி உண்மை. எடையால் டைப் 1 வருவதில்லை, எடையைக் குறைத்து அதைப் போக்கவும் முடியாது. ஆனால் நோய் வந்த பிறகு தினமும் எத்தனை யூனிட் இன்சுலின் போடுவது என்ற கணக்கில் எடை நன்றாகவே தலையிடும். எடை மாறினால் இன்சுலின் மாற வேண்டும். இன்சுலின் மாறினால் எடையும் மாறும். எது எதை மாற்றியது என்று பார்க்காமல் தராசை மட்டும் பார்ப்பதால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு குழப்பம்.

முதலில், எந்த சர்க்கரை நோய்?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாமே கடைசியில் குளுக்கோஸ் என்ற சர்க்கரையாக ரத்தத்தில் சேர்கின்றன. அந்தச் சர்க்கரை தசைக்கும் கொழுப்புக்கும் உள்ளே போக இன்சுலின் என்ற ஹார்மோன் வேண்டும். அதைச் சுரப்பவை கணையத்தில் உள்ள பீட்டா செல்கள்.

டைப் 1-இல் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே இந்தச் செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோவதால் வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். டைப் 2-இல் பெரும்பாலும் இன்சுலின் இருக்கும், ஆனால் உடல் அதன் பேச்சைச் சரியாகக் கேட்காது. எடை குறைந்தால் கேட்க ஆரம்பிக்கும். பெரியப்பா சொன்ன கதை இந்த இரண்டாவது ரகம்.

ஊசி தொடங்கும் முன் உடல் ஏன் உருகுகிறது?

டைப் 1 இருப்பது தெரியவரும்போது பெரும்பாலும் வீட்டில் சொல்வது ஒன்றுதான்: “நல்லாத்தான் சாப்பிடுறான், ஆனா இளைச்சுக்கிட்டே போறான்.” கூடவே ஓயாத தாகம், ராத்திரியில் நாலைந்து முறை சிறுநீர்.

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் குழாயின் வால்வை யாரோ மூடிவிட்டார்கள். சமையலறையில் தண்ணீர் வரவில்லை, குளியலறையிலும் வரவில்லை. கீழே இருப்பவர்கள் தொட்டி காலி என்று நினைத்து மோட்டாரைப் போடுகிறார்கள். தொட்டி நிரம்பி, ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தண்ணீர் தெருவுக்குக் கொட்டுகிறது. வீட்டில் ஒரு சொட்டு இல்லை, வாசலில் வெள்ளம்.

அந்த வால்வைத் திறப்பது இன்சுலின். அது இல்லாதபோது ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழியும், செல்களோ பட்டினி கிடக்கும். பட்டினி என்ற செய்தி போனதும் கல்லீரல் தன் பங்குக்கு இன்னும் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடும். மோட்டாரைப் போடுகிற வேலை அதுதான். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைத் தடுத்து வைக்க முடியாமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. இந்த எல்லைக்குச் சிறுநீரக வரம்பு என்று பெயர். ஓவர்ஃப்ளோ குழாய் பொருத்தியிருக்கும் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கிராம் குளுக்கோஸில் 4 கலோரி. ஒரு நாளில் 100 கிராம் சர்க்கரை சிறுநீரில் போனால் 400 கலோரி போய்விட்டது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். வெளியே போகும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் அந்தத் தாகம். எரிபொருள் கிடைக்காத உடல் கொழுப்பையும் தசையையும் கரைத்துத் தின்ன ஆரம்பிக்கும். கொழுப்பு வேகமாகக் கரையும்போது கல்லீரலில் உண்டாகும் அமிலப் பொருள்கள் கீட்டோன்கள். அவை மிஞ்சி ரத்தம் அமிலமாகிவிடும் நிலை கீட்டோஅசிடோசிஸ். உயிருக்கே ஆபத்தான அவசர நிலை அது.

இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் முன் இந்த உருக்கத்தை எப்படிச் சமாளித்தார்கள் தெரியுமா? பட்டினி போட்டு. சாப்பாட்டையே குறைத்துவிட்டால் தொட்டி வழியாது என்பது அன்றைய தர்க்கம். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் இவான்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்துக்கு 1919-இல், 11 வயதில், இந்த நோய் வந்தது. மூன்று ஆண்டு பட்டினி வைத்தியம். 1922 ஆகஸ்டில் கனடாவின் டொராண்டோவில், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாக்டர் பாண்டிங்கிடம் அவளைக் கூட்டிப்போனபோது 15 வயதை எட்டிக்கொண்டிருந்த பெண்ணின் எடை 20 கிலோதான். அங்கே இன்சுலின் தொடங்கியதும் உடம்பு தேற ஆரம்பித்தது. பிறகு கல்யாணம், பிள்ளைகள் என்று 1981 வரை வாழ்ந்தார்.

இதுவரை வந்தது: இன்சுலின் இல்லாமல் இளைப்பது ஆரோக்கியமான இளைப்பு கிடையாது. சாப்பிட்டது சிறுநீரில் போகிறது, சேமித்ததை உடல் தின்கிறது.

ஊசி போட்டதும் குண்டாகிவிடுவார்களா?

“இன்சுலின் போட்டா உடம்பு வச்சிடும்” என்ற பேச்சு ஊசியைவிட வேகமாகப் பரவுகிறது. நிறையப் பேருக்கு எடை ஏறுவது உண்மைதான். ஆனால் ஏன் ஏறுகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

முதல் சில வாரங்களில் ஏறுவது பெரும்பாலும் இழந்ததைத் திரும்பப் பெறுவது. வற்றிப்போன தண்ணீர் திரும்புகிறது, கரைந்த தசை வளர்கிறது. சர்க்கரையைத் தசையும் கல்லீரலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கும்போது அதனுடன் தண்ணீரும் சேரும். தராசில் முள் சட்டென்று ஏறக் காரணம் அதுதான். இதைப் பார்த்துப் பதறி அளவைக் குறைக்கக் கூடாது.

அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால் விஷயம் வேறு. வால்வு திறந்துவிட்டது, ஓவர்ஃப்ளோ நின்றுவிட்டது. ஆனால் வீட்டில் சமைப்பதும் தட்டில் வைப்பதும் அந்தக் கொட்டிப்போன நாட்களின் அளவிலேயே தொடர்கிறது. முன்பு சிறுநீரில் போன 400 கலோரி இப்போது உடலிலேயே தங்குகிறது. இதற்கு இன்சுலினைத் திட்டிப் பயனில்லை. கசிவை அடைத்தபின் வரவு செலவைப் புதிதாகப் போட வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் டைப் 1 உள்ள 1,441 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 1993-இல் வெளியானது. ஒரு பிரிவினர் நாளுக்குப் பலமுறை ஊசியோ, உடலில் மாட்டி இன்சுலின் செலுத்தும் பம்போ வைத்துச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினார்கள். இன்னொரு பிரிவினர் அந்தக் காலத்து வழக்கப்படி ஒன்றிரண்டு ஊசி. இறுக்கமாக இருந்தவர்களில், ஆரம்பத்தில் கண்ணில் பாதிப்பே இல்லாதவர்களுக்கு அது தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. அதே பிரிவினர்தான் ஐந்து ஆண்டில் மற்றவர்களைவிட சராசரியாக 4.6 கிலோ அதிகம் போட்டிருந்தார்கள். கண்ணைக் காப்பாற்றிய அதே மருந்து எடையையும் ஏற்றியது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை. என்னைக் கேட்டால் கண் முதலில். எடைக்கு வேறு வழி இருக்கிறது.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கடுமையான லோ சுகர் சுமார் மூன்று மடங்கு அதிகம் வந்தது. லோ சுகர் என்றால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போவது. எடை ஏறுவதற்கு யாரும் அதிகம் பேசாத காரணம் இதில் ஒளிந்திருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் கை நடுங்க, வியர்த்துக் கொட்ட எழுந்திருக்கிறவர் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோடு நிறுத்துவாரா? விதி அதைத்தான் சொல்கிறது: 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி சோதனை. ஆனால் அந்த 15 நிமிடம் உயிர் போகிற மாதிரி இருக்கும். பிஸ்கட் பாக்கெட், வாழைப்பழம், இரண்டு ஸ்பூன் ஜாம், மிச்சமிருந்த பாயசம் என்று கையில் கிடைத்ததெல்லாம் உள்ளே போகும். வாரத்துக்கு மூன்று ராத்திரி இப்படிப் போனால் எடை ஏறாமல் என்ன செய்யும்? இங்கே குறைக்க வேண்டியது இன்சுலினை. அதிகமாகப் போட்ட ஊசிக்குத் தீனி போட்டுக்கொண்டே இருப்பதை நிறுத்தினாலே சிலருக்குத் தராசு நிலைக்கு வந்துவிடும்.

எடை ஏறினால் அளவு ஏன் ஏறுகிறது?

வளர்ந்த ஒருவருக்கு டைப் 1-இல் ஒரு நாளைக்கு வேண்டிய மொத்த இன்சுலினை எடையை வைத்துத்தான் முதலில் கணக்கிடுவார்கள். கிலோவுக்கு அரை யூனிட் என்பது வழக்கமான தொடக்கம். அதில் ஏறக்குறைய பாதி நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் பேசல் இன்சுலின். மீதி சாப்பாட்டு நேரத்துக்குப் போடும் போலஸ்.

எடை 20 சதவீதம் ஏறினால் இன்சுலினும் 20 சதவீதம் ஏறும் என்று நினைப்போம். பல சமயம் அதைவிட அதிகமாக ஏறும். காரணம், கொழுப்பு எங்கே சேர்கிறது என்பது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அவை தசையிலும் கல்லீரலிலும் போய்ச் சேர்ந்தால் இன்சுலினின் கட்டளை அங்கே மங்கிப்போகும். இதுதான் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது டைப் 2-இல் சொன்ன அதே பேச்சுக் கேட்காத நிலை. டைப் 1 இருப்பவருக்கு இது வராது என்று எந்த விதியும் இல்லை. வந்தால் இரண்டு நோயின் சுமையும் ஒருவர் தலையில். சிலர் இதை இரட்டை நீரிழிவு என்கிறார்கள். இந்தியர்களுக்கு இது கொஞ்சம் கூடுதல் கவலை, ஏனென்றால் நமக்குக் கை கால் ஒல்லியாக இருந்தாலும் தொப்பையில் சேரும். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. இதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

இப்போது ஒரு பெண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடை 60 கிலோ, மொத்த இன்சுலின் நாளுக்கு 30 யூனிட். டாக்டர்கள் உத்தேசமாகக் கையாளும் இரண்டு சூத்திரங்கள் உண்டு. 500-ஐ மொத்த யூனிட்டால் வகுத்தால், ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்று தெரியும். 1800-ஐ வகுத்தால், ஒரு யூனிட் சர்க்கரையை எவ்வளவு இறக்கும் என்று தெரியும். இவருக்கு ஒரு யூனிட் சுமார் 17 கிராம் மாவுச்சத்துக்குப் போதும், சர்க்கரையை 60 இறக்கும்.

இரண்டு வருடத்தில் எடை 72 ஆகி, தேவை 42 யூனிட் ஆனது என்று வைப்போம். இப்போது ஒரு யூனிட் 12 கிராமுக்குத்தான் போதும், 43-தான் இறக்கும். காலையில் நான்கு இட்லி, ஓர் இட்லியில் 12 கிராம் என்றால் 48 கிராம். முன்பு இதற்குச் சுமார் 3 யூனிட். இப்போது 4. பழைய 3-ஐயே போட்டுக்கொண்டிருந்தால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை வழக்கத்தைவிட 40-க்கு மேல் உயர்ந்து நிற்கும், மூன்று வேளையும். அவர் இட்லியைத் திட்டுவார், சட்னியில் என்ன போட்டாய் என்று கேட்பார். மாறியது எதுவென்றால் அந்த ஒரு யூனிட்டின் பலம்.

அளவை ஏற்றுவது தோல்வி என்று பலர் நினைக்கிறார்கள். “உங்களுக்கு இவ்வளவு யூனிட்டா?” என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். உடம்பு கேட்கிற அளவைக் கொடுப்பதில் என்ன தோல்வி இருக்கிறது? சட்டை அளவு மாதிரி பெருமைக்கோ வெட்கத்துக்கோ உரியதல்ல அது.

சுருக்கம்: எடை ஏறும்போது, முக்கியமாக வயிற்றில் ஏறும்போது, ஒரு யூனிட்டின் பலம் குறைகிறது. பழைய கணக்கு பலிக்காது.

எடை இறங்கும்போது கவனம் இன்னும் அதிகம் வேண்டும்

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அந்தப் பெண் நடந்து, சாப்பாட்டைக் குறைத்து, மறுபடி 60 கிலோவுக்கு வந்துவிட்டார். ஆனால் அதே நான்கு இட்லிக்குப் பழக்கத்தில் 4 யூனிட் போடுகிறார். ஒரு யூனிட் அதிகம். இப்போது ஒரு யூனிட் 60 இறக்கும். சாப்பிடும் முன் 110 இருந்தது 50-க்குப் போய் நிற்கும். அளவு குறைவாக இருந்தால் சர்க்கரை மெல்ல ஏறி நாளாவட்டத்தில் கெடுக்கும். அளவு அதிகமாக இருந்தால் அன்றைக்கே, பைக் ஓட்டும்போதே, மயக்கம் வரும்.

அதனால் எடை குறைப்பில் இறங்கும் டைப் 1 நோயாளி முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பத்து கிலோ குறைந்தபின் போய்க் காட்டுவது தாமதம். சாப்பாட்டு அளவைக் குறைத்த அன்றே போலஸ் குறைய வேண்டியிருக்கும், உடம்பு ஒரு கிராம்கூட இறங்கியிருக்காது. உடற்பயிற்சியும் அப்படித்தான். தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்க ஆரம்பிக்கும், அந்தப் பலன் பல மணி நேரம் நீளும். சாயங்காலம் ஷட்டில் ஆடியவருக்கு நடு ராத்திரியில் சர்க்கரை இறங்குவது இதனால்தான்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறாது. விரதமோ, பேலியோ உணவோ, ஒன்றுமே சாப்பிடாத நாளோ, பேசல் இன்சுலினை நிறுத்தக் கூடாது. “சாப்பிடலையே, ஊசி எதுக்கு?” என்பது கேட்க நியாயமாக இருக்கும். கல்லீரல் மோட்டாரை நிறுத்தி வைத்திருப்பதும், கொழுப்பு கட்டுக்கடங்காமல் கரையாமல் பார்த்துக்கொள்வதும் இந்த பேசல்தான். குறைக்கலாம், டாக்டர் சொல்லி. நிறுத்தினால் கீட்டோன் ஏறும்.

சும்மா இளைத்தால் சந்தோஷப்படாதீர்கள்

முயற்சி எதுவும் செய்யாமல் எடை குறைந்தால் முதல் சந்தேகம் இன்சுலின் போதவில்லை என்பது. எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை, ஏறியிருந்தால் அது உறுதியாகிவிடும். ஓவர்ஃப்ளோ மறுபடி திறந்துவிட்டது.

சிலர் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். ஒல்லியாக வேண்டும் என்று ஊசியைத் தவிர்ப்பதற்கு டயபுலிமியா என்று ஒரு பேச்சுவழக்குப் பெயரே உண்டு. பதின்வயதுப் பெண்களிடம் அதிகம் பார்க்கிறார்கள் என்றாலும் பையன்களும் விதிவிலக்கல்ல. அதில் போவது தண்ணீரும் தசையும் சேர்ந்துதான். மிஞ்சுவது கீட்டோஅசிடோசிஸ் ஆபத்து, சீக்கிரமே வரும் கண் பாதிப்பு. இது திமிர் அல்ல, சிகிச்சை தேவைப்படும் உணவுப் பழக்கக் கோளாறு. வீட்டில் சத்தம் போட்டால் ஊசியை இன்னும் நன்றாக ஒளிப்பார்கள். மனநல மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டியது. “ஊசி போட்டு ஊதிட்டியே” என்று கிண்டல் செய்யும் சொந்தக்காரர்கள் இதைப் படித்தால் நல்லது.

எச்பிஏ1சி சரியாகவே இருந்து எடை குறைந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். நோய் எதிர்ப்பு அமைப்பு ஒரு உறுப்பைத் தாக்கியவருக்கு இன்னொன்றையும் தாக்க வாய்ப்பு அதிகம். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் எடை இறங்கும், ஆனால் இன்சுலின் தேவை ஏறும். அட்ரினல் சுரப்பி பழுதானால் எடையும் இறங்கும், இன்சுலின் தேவையும் இறங்கி அடிக்கடி லோ சுகர் வரும். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில் குடல் உணவைச் சரியாக உறிஞ்சாது. நம் ஊரில் காசநோயையும் மறக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு வேறு கணக்கு

குழந்தைகளின் எடை ஏறத்தான் வேண்டும். ஏறாமல் இருந்தால்தான் கவலை. அதனால் அவர்களுக்கு அளவு மாதாமாதம் மாறினாலும் ஆச்சரியமில்லை. பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வதால் கிலோவுக்கு 1 யூனிட்டும் அதற்கு மேலும் தேவைப்படலாம். அந்த வயதில் சர்க்கரை ஏறினால் “நீ எதையோ திருட்டுத்தனமாத் தின்னிருக்கே” என்று சண்டை போடும் முன் பிள்ளை எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான் என்று சுவரில் நிறுத்தி அளந்து பாருங்கள்.

எடை குறைக்கும் மருந்துகள்

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சிறுநீரக வரம்பைக் கீழே இறக்குகின்றன. ஓவர்ஃப்ளோ குழாயை வேண்டுமென்றே தாழ்வாகப் பொருத்துவது இது. சர்க்கரையும் குறையும், எடையும் குறையும். டைப் 1-இல் இதன் சிக்கல், மீட்டரில் சர்க்கரை அவ்வளவு ஏறாமலேயே கீட்டோன் ஏறிவிடுவது. மீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருப்பார்கள், வயிறு வலித்து வாந்தி வரும். டைப் 2 உள்ள அப்பாவின் மாத்திரையை டைப் 1 உள்ள மகன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

செமாக்ளூடைட் வகை ஊசிகள் டைப் 2-க்கும் உடல் பருமனுக்கும் வந்தவை. பசியைக் குறைக்கும், வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். சாப்பாட்டுக்கு முன் போட்ட இன்சுலின் வேகமாக வேலை தொடங்கிவிடும், சாப்பாடோ வயிற்றிலேயே தங்கியிருக்கும். இடையில் சர்க்கரை இறங்கும். டைப் 1-இல் சில மருத்துவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்கள், இன்சுலினைக் கூடவே குறைத்துக் கண்காணித்து. ஆன்லைனில் வாங்கிப் போட்டுப் பார்க்கிற பொருள் இல்லை.

கடைசியாக, ஊசியின் நீளம்

குண்டானவருக்கு நீளமான ஊசி வேண்டும் என்று மருந்துக் கடையிலேயே சொல்லிவிடுகிறார்கள். தேவையில்லை. தோலின் தடிமன் எடையோடு பெரிதாக மாறுவதில்லை, அதற்குக் கீழே உள்ள கொழுப்புதான் கூடுகிறது. 4 மில்லிமீட்டர் பேனா ஊசி பெரியவர்களில் ஒல்லியானவருக்கும் போதும், பருமனானவருக்கும் போதும். ஒரே இடத்தில் குத்திக் குத்தி வயிற்றில் மெத்தென்று கட்டி எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நீளத்தைவிட முக்கியம். கட்டிக்குள் போடும் இன்சுலின் ஒரு நாள் உறிஞ்சும், ஒரு நாள் உறிஞ்சாது. அங்கிருந்து நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவைப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். எவ்வளவு குறைத்துப் போடுவது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு இடத்தை மாற்றுங்கள்.